பச்சை விரியன் கடிக்கு ஏன் விஷமுறிவு ஊசி போடுவதில்லை?

இந்த மாதத்தில் இது மூன்றாவது. தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது ஒரு பெண்ணுக்கு ஆட்காட்டி விரலில் கடி. மணிக்கட்டுக்கு மேலே தலைத்துண்டால் ஒரு கட்டு, அதற்கும் மேலே படங்குக் கயிற்றால் இன்னொரு கட்டு. விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. கணவர் கையில் சொப்பிங் பை, அதற்குள் தலை நசுங்கிய பாம்பு. கட்டை மெல்லத் தளர்த்தி, இரத்தம் எடுத்து, வாட்டில் படுக்க வைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்துக் கணவர் கேட்டார்: "என்னங்க டொக்டர், ஊசி போடாமலே வச்சிருக்கீங்க? தோட்டத்து ஆளுங்கன்னா இவ்வளவுதானா?"

தோட்டத்து ஆட்களை அப்படி நடத்தியவர்களும் உண்டு என்பதால் எனக்குக் கோபப்படவும் வாய் வரவில்லை. ஆனால் இதை எத்தனை தடவைதான் சொல்வது?

பாம்புக்கடி ஊசி எல்லாப் பாம்புக்கும் பொதுவானதல்ல. இலங்கையில் நம் ஆஸ்பத்திரிகளில் இருப்பது இந்தியாவில் தயாராகும் மருந்து. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பது. அந்த விஷத்தில் பெரும்பகுதி சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்கப்படுகிறது. அங்கே நம் பச்சை விரியன் எப்படி இருக்கும்? அது இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பாம்பு. சிங்களத்தில் "பல பொலங்கா" என்பார்கள். ஆகவே அதன் கடிக்கு இந்த ஊசி வேலை செய்யாது. நம் நாட்டில் ஏராளமானோரைக் கடிக்கும் கூம்புமூக்கு விரியனுக்கும் இதே கதைதான்.

"வேலை செய்யாவிட்டால் என்ன, போட்டு வையுங்களேன்" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இலங்கையில் ஆயிரம் நோயாளிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், இந்த மருந்து ஏற்றியவர்களில் நான்கில் மூன்று பேருக்கு ஒவ்வாமை வந்தது. நடுக்கம், தடிப்பு, மூச்சிறைப்பு, இரத்த அழுத்தம் சரிவு. கண்ணாடி விரியன் கடித்து இரத்தம் உறையாமல் கிடப்பவருக்கு அந்த ஆபத்தை ஏற்கலாம். உங்கள் மனைவிக்கு ஏன் ஏற்க வேண்டும்?

நான் சும்மா இருந்ததாக நினைக்க வேண்டாம். அந்த அம்மாவின் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, யாரும் அசைக்காதபடி மேசை மேல் இருபது நிமிடம் வைத்தேன். (தாதியர் அவசரத்தில் பிளாஸ்டிக் குழாயை எடுப்பதுண்டு, அதில் முடிவு பிழைத்துவிடும்.) பிறகு சரித்துப் பார்த்தேன். கட்டியாக நின்றது, அதாவது இரத்தம் சரியாக உறைகிறது. ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும். வீக்கம் எங்கே ஏறுகிறது என்று பேனாவால் கோடு போட்டு வைத்தேன். இந்தக் கடியில் உயிர் போவது மிக அரிது. வலியும் வீக்கமும் கொப்புளமும்தான் பெரும்பாலும். சிலருக்கு இரத்தம் உறைவதும் கெடும், அதனால்தான் வீட்டுக்கு விடாமல் வைத்திருப்பது.

அந்த விரல்கள் கறுத்ததில் பாம்பைவிடக் கட்டுக்குத்தான் பங்கு அதிகம். கட்டாதீர்கள். கீறாதீர்கள். உறிஞ்சாதீர்கள். விஷக்கல், சுண்ணாம்பு, மூலிகைப் பத்து எதுவும் வேண்டாம். கையை ஆட்டாமல் வைத்து நேரே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

பாம்பை அடித்துக் கொண்டுவரவும் வேண்டாம். அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடி வாங்கி வந்திருக்கிறார். வெட்டிய தலைகூடச் சிறிது நேரம் கடிக்கும். எட்ட நின்று போனில் ஒரு படம் போதும். பச்சையாக இருப்பதெல்லாம் விரியனும் அல்ல: கயிறு போல மெலிந்து மூக்கு கூரானது கண்கொத்திப் பாம்பு, அதற்குப் பயப்பட வேண்டாம். விரியனுக்குத் தலை முக்கோணம், உடல் தடிப்பு, பச்சையில் பெரும்பாலும் கறுப்புத் திட்டுகள். பகலில் தேயிலைச் செடியிலோ ஏலச்செடியிலோ வாலைச் சுற்றிக்கொண்டு சுருண்டு கிடக்கும். ஆள் வந்தாலும் எழுந்து ஓடாது, அதுதான் சிக்கல். காட்டோரத்து மலையில் நிரையில் இறங்குமுன் ஒரு குச்சியால் செடியைத் தட்டிவிடுங்கள், அம்மா. கங்காணி முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

கடி பட்டவுடன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றுங்கள். அந்த அம்மாவின் மோதிரத்தை நாங்கள் வெட்டித்தான் எடுத்தோம். கல்யாண மோதிரம். இரண்டு துண்டையும் பஞ்சில் சுற்றிக் கணவரிடம் கொடுத்தேன்.