பிச்சாவரம் கேட்டேன், சுந்தரவனம் வந்தது

8ஆம் வகுப்புப் பிள்ளைகளைக் கடலூரிலிருந்து பிச்சாவரம் கூட்டிப் போவதற்கு முந்தின இரவு, சாட்பாட்டிடம் ஒரே வரியில் கேட்டேன்: "அலையாத்திக் காடுகள் பற்றி 5 வினாக்கள் கொடு." கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. இரண்டு கேள்வி சுந்தரவனத்தைப் பற்றி, ஒன்று வங்கப் புலியைப் பற்றி. எதுவும் தப்பில்லை. ஆனால் விடிந்தால் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே படகில் உட்காரப் போகிற பிள்ளைகளுக்கு அவற்றால் என்ன பயன்?

சாட்பாட் அடிப்படையில் செய்வது ஒரு கணக்கு. இதுவரை உள்ள சொற்களுக்குப் பின் எந்தச் சொல்துண்டு வர வாய்ப்பு அதிகம் என்று பார்த்து, ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போகிறது. அலையாத்தி என்றாலே உலகம் அதிகம் எழுதியிருப்பது சுந்தரவனத்தைப் பற்றித்தான். நாம் வேறு அடையாளம் எதுவும் தராவிட்டால் கணக்கு அந்தப் பக்கமே சாயும்.

"ஒரு படி அரிசி", "மாடிப் படி", "நல்லா படி". மூன்றிலும் அதே படிதான். பக்கத்தில் நிற்கும் சொல்தான் பொருளைக் காட்டிக்கொடுக்கிறது. இப்படி ஒவ்வொரு துண்டும் மற்றத் துண்டுகளை எவ்வளவு கவனிக்க வேண்டும் என்று எடைபோடுவதுதான், 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் அமைப்பின் உயிர். இன்றைய சாட்பாட்டுகள் பெரும்பாலும் அதன்மேல் எழுந்தவை. ஆகவே ப்ராம்ப்ட்டில், அதாவது சாட்பாட்டுக்கு நாம் எழுதிக் கொடுப்பதில், சேர்க்கும் ஒவ்வொரு விவரமும் பின்னால் வரும் பதிலின் திசையை மாற்றுகிறது.

மறுபடி எழுதினேன்:

"8ஆம் வகுப்பு, தமிழ் வழி. நாளை பிச்சாவரத்தில் படகில் போகிறோம். வெண்கண்டலின் சுவாச வேர்கள் சேற்றிலிருந்து பென்சில் போல மேலே நிற்பதைப் பார்ப்பார்கள். 'வேர் தண்ணி குடிக்கத்தான் வெளியே வருது' என்று ஒரு மாணவி எழுதியிருக்கிறாள். இந்த எண்ணத்தை அவளே சோதித்துப் பார்க்கும்படி 3 கேள்வி வேண்டும். விடையைச் சொல்லிவிடாதே."

வந்ததில் ஒன்று: "சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போது, தண்ணீருக்காக வேர் ஏன் மேலே வர வேண்டும்? சேற்றுக்குள் கிடைக்காதது மேலே என்ன இருக்கிறது?"

இந்தக் கேள்விக்காகவே நான் படகை ஒரு மணி நேரம் நிறுத்தி வைப்பேன். அதைப் பிறப்பித்தது அந்த மாணவியின் தவறான விடைதான். அவள் நோட்டில் என்ன எழுதினாள் என்று சாட்பாட்டை இயக்கும் எந்த மாடலுக்கும் தெரியாது. ஆசிரியருக்கு மட்டும்தான் தெரியும். அவள் பெயரை மட்டும் ப்ராம்ப்ட்டில் போடவில்லை, போடவும் கூடாது.

மாதிரி காட்டுவதும் நன்றாக வேலை செய்யும். மாடலைப் புதிதாகப் பயிற்றாமல், ப்ராம்ப்ட்டிலேயே சில எடுத்துக்காட்டுகள் தந்தால் அதே போக்கில் தொடரும் என்பதை 2020இல் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடி-3 என்ற மாடல் பற்றிய ஆய்வு காட்டியது. நான் முன்பு எடுத்த நல்ல வினாக்கள் இரண்டை ஒட்டிவிடுவேன். கணக்குப் பாடம் என்றால், முதலில் படிப்படியாகத் தீர்த்துவிட்டுப் பிறகு விடையை எழுதச் சொல்வேன். எழுதிய படிகள் அடுத்த சொல்லுக்கு ஆதாரமாகிவிடும். இப்போதைய சில மாடல்கள் தாமாகவே இதைச் செய்கின்றன.

ஒன்றில் மட்டும் அசட்டையாக இருக்க முடியாது. வாய்ப்பைக் கணக்கிடுவது வேறு, உண்மையைச் சரிபார்ப்பது வேறு. பாடநூல் பத்தியை ஒட்டி, "இதில் இல்லாததைச் சேர்க்காதே" என்றால் கற்பனைச் சரக்கு குறையும், அடியோடு நிற்காது. விடைக்குறிப்பை வரிவரியாகப் பார்க்காமல் நான் வகுப்புக்குக் கொண்டுபோவதில்லை.

தமிழுக்கு இன்னொரு சிக்கல். "கடலூர்" நமக்கு 4 எழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் 6 குறியீடு, அவற்றைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 18 பைட். மாடல் கையாளும் சொல்துண்டுக்கு டோக்கன் என்று பெயர். அடிக்கடி வரும் துண்டுகளே ஒரே டோக்கனாகச் சேரும் என்பதால், ஆங்கிலம் மிகுந்த தரவில் வளர்ந்த மாடல் தமிழைப் பொடிப்பொடியாக நறுக்குகிறது. ஒரு நேரத்தில் அது ஏற்கும் டோக்கன்களுக்கு எல்லை உண்டு. அதனால் நீளமான பாடத்தைப் பகுதி பகுதியாகத் தருகிறேன்.

படகில் அந்த மாணவி குனிந்து, வேரில் புள்ளி புள்ளியாக இருந்த துளைகளை வெகுநேரம் பார்த்தாள். காற்று என்று அவளே சொன்னாள். பிறகு கேட்டாள்: "இதுக்கு மேல தண்ணி ஏறிட்டா என்ன டீச்சர் பண்ணும்?"

அன்றிரவு ப்ராம்ப்ட்டை அந்த வரியிலிருந்தே தொடங்கினேன்.