பொத்தானில் ஏன் சொல் வெட்டுப்படுகிறது?

‘சேமிக்காமல் வெளியேறு’ என்று இருக்க வேண்டிய பொத்தானில் ‘சேமிக்காமல் வெளி’ என்பது மட்டும் தெரிகிறது. நிரலர் அகலத்தில் இருபது பிக்ஸலைக் கூட்டிவிட்டு வேலை முடிந்தது என்கிறார். எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கும் இன்னொருவரின் கணினியில் அதே பொத்தான் மறுபடி வெட்டுப்படும். அந்த அகலம் எங்கிருந்து வந்தது என்று பார்க்காத வரை இந்த ஒட்டுவேலை ஓயாது.

விண்டோஸின் மரபான உரையாடல் பெட்டிகளில் (கேள்வி கேட்கவோ எச்சரிக்கவோ திறக்கும் சிறு சாளரங்களில்) அளவுகளைப் பிக்ஸலில் எழுதுவதில்லை. பெட்டியின் எழுத்துருவில் ஓர் எழுத்தின் சராசரி அகலத்தில் நாலில் ஒரு பங்கு கிடையலகு. உயரத்தில் எட்டில் ஒரு பங்கு நெட்டலகு. வழக்கமான பொத்தான் 50 அலகு அகலம், 14 அலகு உயரம். எழுத்து 6 பிக்ஸல் அகலமும் 13 பிக்ஸல் உயரமும் என்றால், பொத்தான் 75-க்கு 23 பிக்ஸல். எழுத்துரு பெரிதானால் பொத்தானும் பெரிதாகும். கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சராசரி ஆங்கிலத்தின் 52 பெரிய, சிறிய எழுத்துகளைக் கொண்டு எடுக்கப்படுவது. பெட்டிக்குக் குறித்த எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால், விண்டோஸ் வேறோர் எழுத்துருவைக் கொண்டுவந்து வரைகிறது. அளந்தது ஒன்றை, வரைந்தது மற்றொன்றை! அகலம் போதாமல் போவதோடு, ‘கீ’, ‘கூ’ போன்றவற்றின் சுழிகள் மேலும் கீழும் இடிக்கின்றன.

நிரலர்கள் சாளரங்களையும் பொத்தான்களையும் அமைக்கப் பயன்படுத்தும் க்யூட்டி, ஜிடிகே போன்ற கருவித்தொகுப்புகள் பந்தியில் இலை போடுமுன் தலையை எண்ணிக்கொள்ளும் வழியைப் பின்பற்றுகின்றன. ஒவ்வொரு பொத்தானும், எழுத்தை மட்டும் காட்டும் லேபிளும் தனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று முதலில் சொல்கிறது. பெட்டி அவற்றைக் கூட்டிப் பார்த்து, பிறகு இடத்தைப் பங்கிடுகிறது. இங்கே கையால் எழுதிய அகலம் ஒன்று நுழைந்தால் கணக்கே கெட்டுவிடும். முதலில் தேட வேண்டியது அதைத்தான்.

உண்மையான சிக்கல் மடங்கும் வரிகளில் இருக்கிறது. நீளமான எச்சரிக்கைச் செய்திக்கு எவ்வளவு உயரம் வேண்டும்? அகலம் தெரியாமல் சொல்ல முடியாது. அகலத்தையும் உயரத்தையும் ஒரே மூச்சில் கேட்ட ஜிடிகே 2-இல், லேபிள் ஓர் அகலத்தைத் தானே ஊகித்துக்கொண்டது. பெட்டியை இழுத்து அகலமாக்கினாலும் வரிகள் பழைய இடத்திலேயே மடங்கி நின்றன. 2011-இல் வந்த ஜிடிகே 3 கேள்வியை இரண்டாகப் பிரித்தது: முதலில் அகலம், பிறகு அந்த அகலத்துக்கான உயரம்.



பிரித்துக் கேட்டாலும், ஒரு பத்தி அளவுச் செய்தியைத் தாங்கும் லேபிள் மடங்குவதற்குமுன் முழுவதையும் ஒரே வரியில் போட இடம் கேட்கும். பெட்டி திரைக்குக் குறுக்கே நீண்டுவிடும். அங்கேயும் பிக்ஸலில் அகலம் எழுத வேண்டியதில்லை. வரிக்கு அதிகபட்சம் 50 எழுத்து என்று லேபிளுக்குச் சொன்னால் போதும்; எழுத்துரு மாறும்போது அந்த வரம்பும் சேர்ந்தே மாறும்.