150-ஆ, 250-ஆ? முதலில் அறையை அளந்து பாருங்கள்

போன மாதம் ஒரு தம்பி என் ஸ்டுடியோவுக்கு வந்தார். துண்டில் சுற்றிப் பத்திரமாக ஒரு லென்ஸைக் கொண்டுவந்திருந்தார். ஹாசல்பிளாட் 500 சி/எம் என்ற மீடியம் ஃபார்மேட் (35 மி.மீ.யைவிடப் பெரிய பிலிம்) கேமரா பாடியும் 80 மி.மீ. லென்ஸும் அவரிடம் முன்பே உண்டு. போர்ட்ரெய்ட்டுக்கு டெலி, அதாவது தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் லென்ஸ், வேண்டும் என்று 250 மி.மீ. சோனார் லென்ஸ் வாங்கிவிட்டார். "யாரோ சொன்னார், நானும் சோனார் வாங்கிட்டேன் அண்ணா" என்று அவரே சிரித்துக்கொண்டார். 150-ஐவிட 250 பெரியது, விலையும் குறைவு, அப்புறம் என்ன யோசனை என்பது அவர் கணக்கு.

என் ஸ்டுடியோ அறை பதினான்கு அடி நீளம். பின்திரைக்கும் ஸ்டூலுக்கும் நடுவே நான்கு அடி விட வேண்டும், இல்லாவிட்டால் ஆளின் நிழல் திரையில் விழும். மிச்சம் பத்து அடி. அதில் ட்ரைபாட் நிற்க வேண்டும், அதற்குப் பின்னால் நாமும் நிற்க வேண்டும். 250 லென்ஸ் போகஸ் ஆகும் மிகக் குறைந்த தூரம் 2.5 மீட்டர், அதாவது எட்டு அடிக்குக் கொஞ்சம் மேல். தம்பி ட்ரைபாடைப் பின்னால் தள்ளித் தள்ளி, கடைசியில் முதுகு கதவில் ஒட்ட நின்றார். முகமும் தோளும் கிடைத்தன. இடுப்பு வரை வேண்டும் என்றால் ஆளிடமிருந்து ஏறத்தாழ பதினான்கு அடி தள்ளிப் போக வேண்டும். கதவைத் திறந்தால் அந்தப் பக்கம் மாடிப்படி.

இந்தத் தவறை நான் அடிக்கடி பார்க்கிறேன். லென்ஸ் வாங்குபவர்கள் அபெர்ச்சரை (லென்ஸ் துவாரத்தின் அளவை) கேட்கிறார்கள், கூர்மையைக் கேட்கிறார்கள், பின்னணி எவ்வளவு கரையும் என்று கேட்கிறார்கள். தங்கள் அறை எத்தனை அடி என்று யாரும் அளப்பதில்லை.

முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது லென்ஸ் அல்ல, தூரம். 80 மி.மீ. லென்ஸில் முகமும் தோளும் பிரேமை நிரப்ப வேண்டுமானால் மூன்றடிக்குப் போக வேண்டும். மூக்கு நுனி காதைவிட ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நமக்கு அருகில் இருக்கிறது. அந்தத் தூரத்தில் காதோடு ஒப்பிட்டால் மூக்கு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு பெரிதாக விழும். அதே பிரேமை 150-ல் எடுக்க ஏறத்தாழ 1.7 மீட்டருக்குப் பின்வாங்கினால் அந்த வித்தியாசம் பாதியாகிவிடும். நின்ற இடத்திலிருந்து நகராமல் 80-ஐக் கழற்றி 150-ஐ மாட்டினால் மூக்கு அப்படியேதான் இருக்கும், பிரேம் மட்டும் இறுகும். டெலி முகத்தைத் தட்டையாக்கும் என்று சொல்கிறார்களே, உண்மையில் அதைச் செய்வது நம் கால்கள்தான்.

அப்படியானால் இன்னும் தள்ளி நின்றால் இன்னும் நல்லதா? இல்லை. ஐந்தடியிலிருந்து ஏழடிக்குள் நின்றால் உட்கார்ந்திருப்பவரோடு சாதாரணமாகப் பேசலாம். அதைத் தாண்டினால் குரலை உயர்த்த வேண்டியிருக்கும், குரல் உயர்ந்தால் எதிரே இருப்பவரின் தோள் இறுகும். என் அனுபவத்தில் வயதானவர்களிடம் இது உடனே தெரிகிறது.

சதாபிஷேகம் முடிந்த ஒரு பாட்டியை 150 எஃப்4 சோனாரில் எடுத்தது நினைவிருக்கிறது. ஜன்னல் வெளிச்சம், ஐந்தடி தூரம், முகத்தைச் சற்றுத் திருப்பி உட்கார்ந்திருந்தார். எஃப்4-ல், அதாவது துவாரத்தை முழுக்கத் திறந்து வைத்தேன். குனிந்து பார்க்கும் வியூஃபைண்டரில் வைர மூக்குத்தி நட்சத்திரம் மாதிரி மின்னியது. கண் தானாக அங்கே போனது, போகஸும் அங்கேயே நின்றது. பிலிமைக் கழுவிப் பார்த்தால் மூக்குத்தியின் ஒவ்வொரு கல்லும் தெரிகிறது. பக்கத்துக் கண் லேசாக மசமசவென்று இருக்கிறது, தூரத்துக் கண் போயே போய்விட்டது. அந்தத் தூரத்தில் எஃப்4-ல் கூர்மையாக விழும் ஆழம் மூன்றரை சென்டிமீட்டர்தான். துவாரத்தைச் சுருக்கி எஃப்8 வைத்தால் ஏழு கிடைக்கும். அன்றிலிருந்து மூக்குத்தி போட்டவர், கண்ணாடி போட்டவர் யார் வந்தாலும் எஃப்8-க்குக் கீழே போவதில்லை. கண்ணின் கருவிழியில் ஜன்னல் ஒரு சின்ன வெள்ளைக் கட்டமாகத் தெரியும், அதைப் பிடித்துப் போகஸ் செய்வேன். எஃப்2 லென்ஸுக்கு இரட்டிப்புக் காசு கொடுக்கும் முன் இந்த மூன்றரை சென்டிமீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள்.

'மீடியம் ஃபார்மேட்' என்பது ஒரே அளவல்ல என்பதும் பலருக்கு உறைப்பதில்லை. 6x4.5, 6x6, 6x7 என்பவை பிலிமில் விழும் படத்தின் அளவு, சென்டிமீட்டரில். 35 மி.மீ. கேமராவில் 85 லென்ஸ் தரும் பார்வை 6x4.5-ல் 135 முதல் 150-க்குள்ளும், 6x6-ல் 150-லும், 6x7-ல் 180-லும் கிடைக்கும். அதனால்தான் மாமியா ஆர்பி67 வைத்திருப்பவர்கள் 180 எஃப்4.5-ஐத் தேடுகிறார்கள். பென்டாக்ஸ் 67-க்கு 165 எஃப்2.8 அந்த இடத்துக்கு அருகில் வரும். இன்றைய ஃபியூஜி ஜிஎஃப்எக்ஸின் 44x33 மி.மீ. சென்சாரில் 110 எஃப்2 போதும், 35 மி.மீ. கேமராவில் 87 மாதிரி பார்க்கும். பழைய ஹாசல்பிளாட் 150-ஐ அடாப்டர் போட்டு அதில் மாட்டினால் ஏறத்தாழ 118 ஆகிவிடும். செங்குத்தாக வைத்து அரை உருவம் எடுக்கப் பத்தடிக்கு மேல் பின்வாங்க வேண்டும். பழைய லென்ஸ் கையில் இருக்கிறதே என்று டிஜிட்டல் பாடி வாங்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

குறைந்த போகஸ் தூரத்துக்கு வருவோம். ஹாசல்பிளாட் 150-க்கு அது 1.4 மீட்டர், 180-க்கு 1.55. இரண்டிலும் முகமும் தோளும் வரும், முகம் மட்டும் வேண்டுமென்றால் வராது. அதற்கு பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் 10 மி.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் ஒன்று போதும். வெளிச்சம் ஏறத்தாழ அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி வெளிச்சம்) குறையும், எக்ஸ்போஷரைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 120 மேக்ரோ லென்ஸ் டியூப் இல்லாமலே 0.8 மீட்டர் வரை வரும். எனக்குக் கைகளைத் தனியாக எடுக்கும் பழக்கம் உண்டு என்பதால் அதுதான் செல்லம். ஆர்பி67-ல் இந்தக் கவலையே கிடையாது, பாடியிலேயே பெல்லோஸ், அதாவது லென்ஸை முன்னே நீட்டும் துருத்தி, இருக்கிறது. எவ்வளவு நீட்டினால் எவ்வளவு வெளிச்சம் கூட்ட வேண்டும் என்று பக்கவாட்டில் அட்டவணையும் போட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் எடுத்து, பிலிம் இருட்டாக வந்தது என்று லேபைத் திட்டியவர்களில் நானும் ஒருவன்.

வெளியே எடுப்பவர்கள் ஷட்டரையும் கவனிக்க வேண்டும். ஹாசல்பிளாட் 500 வரிசையில் ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கிறது, 1/500 நொடி வரை எந்த வேகத்திலும் ஃப்ளாஷ் ஒத்துப்போகும். பென்டாக்ஸ் 67-ல் ஷட்டர் பாடியில், ஃப்ளாஷுக்கு 1/30-தான். நம் ஊர் பகல் வெயிலில் 1/30-ல் என்ன செய்வது? அதற்காகவே உள்ளே ஷட்டர் வைத்த 165 எஃப்4 என்று தனியாக ஒன்று உண்டு. எஃப்2.8 இருக்கும்போது எஃப்4 எதற்கு என்று ஒதுக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு வேலைக்கானவை.

இனி செகண்ட் ஹேண்ட். இந்தப் பிலிம் லென்ஸ்களெல்லாம் இன்று பழையதாகத்தான் கிடைக்கும். 'புதிது மாதிரி' என்று போட்டோவில் பளபளத்த ஒரு 150-ஐ நான் தபாலில் வாங்கினேன். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்கண்ணாடியில் சிலந்தி நூல் மாதிரி ஃபங்கஸ். எதிர்வெளிச்சத்தில் எடுத்த படங்களெல்லாம் வெளுத்துப் போயின. விற்றவர் போனை எடுக்கவே இல்லை. கடலோர ஊர்களில் ஈரப்பதம் அதிகம், தோல் உறைக்குள் வைத்துப் பீரோவில் பூட்டிய லென்ஸில் ஃபங்கஸ் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

ஆகவே அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, ஒரு பக்கமிருந்து டார்ச்சைச் சாய்த்து அடித்து, மறுபக்கமிருந்து பாருங்கள். தூசி நான்கு இருந்தால் பரவாயில்லை. நூல் மாதிரியோ பனி படிந்த மாதிரியோ தெரிந்தால் வேண்டாம். ஷட்டர் உள்ள லென்ஸில் ஒரு நொடி வைத்து அழுத்திக் காது கொடுத்துக் கேளுங்கள். பல வருடம் தூங்கிய ஷட்டர் நடுவில் இழுக்கும், சிலது திறந்தபடியே நின்றுவிடும். ஹாசல்பிளாட் என்றால் லென்ஸின் பின்பக்கத்துச் சிறு தண்டையும் பாருங்கள். பாடியும் லென்ஸும் இரண்டுமே சாவி கொடுத்த நிலையில் இருந்தால்தான் மாட்டவோ கழற்றவோ முடியும். தெரியாமல் இழுத்துச் சிக்கவைத்து, ஸ்குரூடிரைவரால் திருகிய லென்ஸானால் அந்தத் தண்டின் பள்ளம் சிதைந்திருக்கும். வெள்ளி நிறத்துப் பழைய சி வரிசை லென்ஸ்கள் விலை குறைவு, படமும் அழகாக வரும். ஆனால் அவற்றின் ஷட்டருக்கு உதிரிபாகம் கிடைப்பது பெரும் பாடு. என்னைக் கேட்டால் கொஞ்சம் கூடக் கொடுத்து, அதற்குப் பின் வந்த சி.எஃப். வரிசைக்குப் போய்விடலாம்.

வாங்கியபின் காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், பெரிய விலை இல்லாத ஒரு ஈரப்பதமானி வேண்டும். முள் 40-க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நின்றால் நிம்மதி.

தம்பியின் 250-ஐ மொட்டை மாடிக்கு எடுத்துப்போனோம். தண்ணீர்த் தொட்டியிலிருந்து கைப்பிடிச் சுவர் வரை முப்பதடி, அங்கே அது ஜம்மென்று வேலை செய்தது. ஆனால் எஃப்5.6 என்பதால் வியூஃபைண்டர் மங்கல். நடுவிலிருந்த போகஸ் வட்டத்தின் ஒரு பாதி கறுத்துப் போக, அவர் மாற்றி மாற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். வார இறுதிக்கு என் 150-ஐக் கொடுத்தனுப்பினேன். வீட்டு ஹாலில் அப்பாவை வைத்து ஒரு ரோல் எடுத்திருக்கிறார். பன்னிரண்டு படத்தில் நான்கில் கண் கூர்மை, ஐந்தில் கண்ணாடியின் சட்டம் கூர்மை, மிச்சத்தில் மீசை. அப்பா பிரேம் போடச் சொல்லித் தேர்ந்தெடுத்தது மீசைப் படத்தைத்தானாம்.