ஒரு ஸ்பூன் காபி

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். இதச் சொன்னதும் "ஓ, பேச்சு வராத பிள்ளைங்களுக்குப் பேசக் கத்துக்குடுப்பீங்களே, அதானே"ன்னு கேப்பாங்க. அதுவும் உண்டு, ஆனா என் நாள்ல பெரும்பகுதி போறது முழுங்கக் கத்துக்குடுக்கறதுல. ஸ்ட்ரோக் வந்தவங்க, தொண்டையில கேன்சர் ஆபரேஷன் ஆனவங்க, பார்க்கின்சன்ஸ் இருக்கறவங்க, ரொம்ப நாள் ஐசியூல வென்டிலேட்டர்ல கெடந்து பொழச்சு வந்தவங்க, இவங்கள்ல நெறையப் பேருக்கு வாயில இருக்க எச்சிலக்கூட ஒழுங்கா உள்ள எறக்க வராது.

கொஞ்சம் முன்னாடி ஒரு ஐயா வந்தாரு (ஆள் யாருன்னு தெரியக்கூடாதுங்கறதுக்காக சிலத மாத்திச் சொல்றேன்). பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவர். ஸ்ட்ரோக் வந்து ஆறு வாரமா மூக்கு டியூப் வழியாத்தான் எல்லாமே, கஞ்சி, பால், மாத்திரைய இடிச்சுக் கரைச்ச தண்ணி. வயிறு ரொம்பிடும், ஆனா நாக்குக்கு ஒண்ணும் கெடையாது. அவர்கிட்ட "என்னய்யா வேணும்"னு கேட்டேன். பிரியாணி, மீன் கொழம்புன்னு ஏதாவது சொல்வாருன்னு பாத்தா, கொழகொழன்னு வர்ற பேச்சுல "காலைல டிப்போ வாசல்ல நின்னு குடிப்பேனே, அந்தக் காபி பாப்பா" அப்டின்னாரு. இத்தன வருஷத்துல நான் கேட்ட ஆளுங்கள்ல முக்காவாசிப் பேர் சொன்னது இப்படித்தான், ஒரு டம்ளர் பச்சத் தண்ணி, மோர், ரசம் சாதம், ஒரு அம்மா ஊறுகாய தொட்டு நக்கினாப் போதும்னாங்க. விருந்துச் சாப்பாடு கேட்டவங்க ரொம்பக் கம்மி.

கொடுமை என்னன்னா தண்ணியும் காபியும்தான் இவங்களுக்கு ரொம்ப ஆபத்து. நீர்த்தாப்ல இருக்கறது வேகமா ஓடிடும், மூச்சுக்குழாய் மூடறதுக்குள்ள அதுக்குள்ள எறங்கிடும், அங்கேர்ந்து நுரையீரல், அப்புறம் நிமோனியா. நாம ஒரு வாய் முழுங்கறப்ப மூளைலேர்ந்து வர்ற 12 ஜோடி நரம்புல 5 ஜோடி வேல செய்யுது, குரல்வளை மேல ஏறுது, மூச்சு ஒரு கணம் நிக்குது, மூச்சுக்குழாய் மூடுது, உணவுக்குழாய் வாய் தொறக்குது, தொண்டையில நடக்கற இவ்ளோ வேலையும் ஒரு செகண்டுக்குள்ள முடிஞ்சிருது. ஒரு நாளைக்கு சுமாரா 500 தடவைக்கு மேல இத செய்யறோம். ஒரு தடவ கூட "அட, நல்லபடியா எறங்கிச்சே"ன்னு நெனச்சிருப்பமா? நானே நெனச்சதில்ல, இந்த வேலைக்கு வர்ற வரைக்கும்.

ஐயாவுக்கு கேமரா டெஸ்ட் எடுத்து, பயிற்சி குடுத்து, ஒரு நாள் அவர நேரா நிமுத்தி ஒக்கார வச்சு, காபில கெட்டியாக்கறதுக்குன்னே இருக்க பவுடர போட்டுக் கலக்கி (பாக்க கூழு மாதிரி இருக்கும், சகிக்காது) கால் ஸ்பூன் நாக்குல வச்சேன். என் விரல் அவர் கழுத்துல, குரல்வளை ஏறுதான்னு பாக்க. ஏறிச்சு. "ஆ சொல்லுங்க"ன்னேன், குரல் தெளிவா இருந்துச்சு. அடுத்த ஸ்பூன் எடுத்தேன், அவரு கைய காட்டி நிறுத்திட்டாரு. கண்ண மூடிக்கிட்டு வாயில இருக்க அந்த மிச்ச ருசியோட அப்படியே ஒக்காந்திருந்தாரு, நானும் ஸ்பூன வச்சிட்டு ஒக்காந்துட்டேன், அடுத்த பேஷண்ட் வெளியில திட்டிட்டு இருந்தாங்க, பரவால்லன்னு விட்டுட்டேன்.

இந்த எடத்துல ஒண்ணு சொல்லணும், எனக்கு ரொம்ப நாளா எரிச்சல். பாக்க வர்ற சொந்தக்காரங்க "உயிரோட இருக்கியே, அதுக்கே சாமிக்கு நன்றி சொல்லு"ன்னு பேஷண்ட்கிட்ட சொல்றது. மூக்குல டியூப்போட கெடக்கறவர்கிட்ட சாப்ட்டு வந்த வாயோட இதச் சொல்லாதீங்க. நன்றி உணர்ச்சியப் பத்தி பேசறப்ப எல்லாரும் காட்டற ஒரு ஆராய்ச்சி இருக்கு, 2003ல ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ ரெண்டு பேரும் செஞ்சது. அதுல ஒரு பகுதி நரம்பு, தசை நோய் இருக்கறவங்கள வச்சு, 21 நாள், தெனமும் நன்றியா தோணுறத எழுதச் சொன்னாங்க. எழுதாதவங்களவிட இவங்க மனசு தெம்பாவும் தூக்கம் நல்லாவும் இருந்துச்சுன்னாங்க. அதுல கவனிக்க வேண்டியது, எதுக்கு நன்றின்னு அவங்களே யோசிச்சு எழுதினாங்க, பக்கத்துல நின்னு யாரும் லிஸ்ட் படிக்கல.

சரி, நான் எப்படி? அன்னைக்கு அந்த கால் ஸ்பூனப் பாத்துட்டு கேன்டீன் போய், காபி வாங்கி, போன்ல வாட்ஸப் பாத்துக்கிட்டே குடிச்சு முடிச்சிருந்தேன். டம்ளர் காலியானதுக்கு அப்புறம்தான் ஒறச்சுது. சூடா இருந்துச்சா, சக்கர போட்டாங்களான்னுகூட சொல்ல முடியல. ரொம்ப வெக்கமா இருந்துச்சு. அப்போலேர்ந்து ஒண்ணு செய்றேன், மொத மூணு வாய்க்கு மட்டும் போன கவுத்து வச்சிடறது. மூணே வாய்தான், அதுக்கு மேல எனக்குப் பொறுமை கெடையாது. வாசன நம்ம மூக்குக்கு வெளியிலேர்ந்து மட்டும் வர்றதில்ல, முழுங்கறப்ப தொண்டைக்குப் பின்னாடி வழியா மேல ஏறியும் வரும், ருசின்னு நாம சொல்றதுல பெரிய பங்கு அதுதான், முழுங்கிட்டு மெதுவா மூக்கு வழியா மூச்ச விட்டுப் பாருங்க, தெரியும். ஒரு பொருள கொஞ்ச நாள் நிறுத்திட்டுத் திரும்ப எடுத்தாலும் ருசி கூடும், 2013ல சாக்லேட்ட வச்சு ஒரு ஆராய்ச்சில இதப் பாத்திருக்காங்க, ஒரு வாரம் தொடாம இருந்தவங்க திரும்பச் சாப்ட்டப்ப கூடுதலா ரசிச்சாங்களாம். நம்ம வீட்ல விரதம் முடிச்சு சாப்பிடற மொத வாய் சாதத்த நெனச்சுப் பாருங்க.

வீட்ல பெரியவங்க இருந்தா கவனிங்க. தண்ணி குடிக்கறப்ப அடிக்கடி பொரை ஏறுது, சாப்ட்டதும் குரல் கொழகொழன்னு மாறுது, ஒரு வாய்க்கே ரொம்ப நேரம் மென்னுக்கிட்டே இருக்காங்க, காரணமில்லாம எடை கொறையுது, திரும்பத் திரும்ப சளிக் காய்ச்சல் வருதுன்னா "வயசானா அப்படித்தான்"னு விட்றாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லி முழுங்கற டெஸ்ட் கேளுங்க. சிலருக்கு இருமலே வராம சத்தமில்லாம உள்ள எறங்கும், அது இன்னும் மோசம். ஸ்ட்ரோக் வந்த அன்னைக்கு பாசத்துல வாயில தண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க. டியூப்ல சாப்பிடறவங்களுக்கும் தெனம் வாய சுத்தம் பண்ணணும், அழுக்கு வாய் எச்சில் உள்ள போனாலும் நிமோனியாதான்.

ஐயாவுக்கு அப்புறம் டியூப் எடுத்தாச்சு. கூழ் காபிலேர்ந்து மெல்ல மெல்ல சாதாரண காபிக்கு வந்துட்டாரு. போன செக்கப்புக்கு வீட்டம்மாவோட வந்தாரு. "காபி எல்லாம் எப்படிய்யா எறங்குது?"ன்னு கேட்டேன்.

"எங்க பாப்பா, டிகாஷன் தண்ணியா போட்டு வைக்கறா, வாயில வைக்க முடியல"ன்னு ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம் விடாம கொற சொன்னாரு. அந்தம்மா மொறச்சாங்க. நான் நோட்ல எழுதிக்கிட்டேன், பேச்சு தெளிவு, முழுங்கறது நார்மல்.