கிருபைக்கு ஒரு கணக்கு நோட்டு

அவர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். பக்கம் பக்கமாகத் தேதிகள், எதிரே சின்னச் சின்னக் கோடுகள். “ஆண்டவரே, என்னை இரட்சியும்” என்று அன்றன்றைக்கு எத்தனை தடவை ஜெபித்தார் என்ற கணக்கு.

“நேற்று முப்பத்தெட்டு, சார். ஒன்றுகூட மனசார வரவில்லை. அப்படியென்றால் நான் தெரிந்துகொள்ளப்பட்டவன் இல்லை, இரட்சிப்புக்கென்று தேவன் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை என்றுதானே அர்த்தம்?”

ஆலோசகராக இந்தக் கேள்வியைப் பல குரல்களில் கேட்டிருக்கிறேன். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

எபேசியருக்கு எழுதிய கடிதத்தின் முதல் அதிகாரத்தில், இரட்சிக்கப்படுகிறவர்களைத் தேவன் முன்னமே தீர்மானிக்கும் முன்குறித்தலைப் பற்றிப் பேசும் பவுல், ஸ்தோத்திரம் சொல்லித்தான் தொடங்குகிறார். அடுத்த அதிகாரத்தில், இரட்சிப்பு “உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு” என்கிறார். இவருடைய நோட்டிலோ ‘மனசார’ என்பதே இரட்சிப்பைச் சம்பாதிக்கும் ஒரு கிரியை ஆகிவிட்டது. ஈவாக வந்ததற்கு இவர் தினமும் தவணை கட்டிக்கொண்டிருந்தார்.

இறையியல் விவாதம் பழையது. விசுவாசித்து அதில் நிலைத்திருப்பவர்களை இரட்சிக்கவே தேவன் தீர்மானித்தார் என்று 1610-இல் டச்சு இறையியலாளர் அர்மீனியஸின் சீடர்கள் எழுதினார்கள். இல்லை, தெரிந்துகொள்ளுதலுக்கு அவருடைய சித்தம் மட்டுமே காரணம் என்று 1618-19-இல் நெதர்லாந்தில் கூடிய டோர்ட் என்ற திருச்சபைச் சங்கம் தீர்ப்புச் சொன்னது. என் அறையில் இதில் பக்கம் எடுக்க மாட்டேன். ஆனால் கறாரானது என்று பேர் வாங்கிய அந்த டோர்ட் தீர்ப்பே என்ன சொல்கிறது தெரியுமா? தேவனுடைய இரகசியங்களைத் துருவிப் பார்த்து, தான் தெரிந்துகொள்ளப்பட்டவன் என்ற நிச்சயத்தை அடைய முடியாது என்கிறது. உயிருள்ள விசுவாசத்தை இன்னும் உறுதியாக உணராமல், அதற்காக ஏங்கிக்கொண்டிருப்பவர்கள் தங்களைத் தள்ளப்பட்டவர்களோடு சேர்த்து எண்ணிக் கலங்க வேண்டாம் என்றும் சொல்கிறது. இந்தப் பகுதியைப் பிரசங்கத்தில் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

சரி, சந்தேகம் எல்லோருக்கும் வரும். ஆங்கிலேயப் பிரசங்கியார் ஜான் பன்யன், தான் தெரிந்துகொள்ளப்பட்டவன்தானா என்று தவித்ததை 1666-இல் வெளியான தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆனால் ஒரே சந்தேகம் நாள் முழுக்கத் துரத்தி, அதை அடக்க ஜெபத்தையோ பாவ அறிக்கையையோ திரும்பத் திரும்பச் செய்ய வைத்து, தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால், அது விசுவாசக் குறைவு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஓசிடி எனப்படும் எண்ணச்சுழற்சி நோய் மத உருவத்திலும் வரும்.

போதகர்கள் இங்கேதான் தெரியாமல் தவறு செய்கிறார்கள். “என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை” என்ற வசனத்தை அன்போடு சொல்லி அனுப்புவார்கள். கொஞ்ச நேரம் நிம்மதி. அப்புறம், “நான் உண்மையிலேயே வந்தேனா?” என்று மறுபடி போன் வரும். வசனத்தில் குறையில்லை. ஆனால் ஒவ்வொரு ஆறுதலும் இந்த நோய்க்குத் தீனி. சிகிச்சையில் நேர் எதிராகச் செய்கிறோம்: பயம் வரும்போது சரிபார்க்காமல், திரும்ப ஜெபிக்காமல், அது தானாகத் தணியும்வரை இருக்கப் பழக்குகிறோம். சிலருக்கு மனநல மருத்துவர் மாத்திரையும் கொடுப்பார்.

அவருடைய போதகரையும் அழைத்துப் பேசினேன். இரவில் ஒரே ஜெபம், அதுவும் ஒரு தடவைதான். போனில் கேட்டால் போதகர் பதில் சொல்ல மாட்டார் என்று மூவரும் ஒப்புக்கொண்டோம். முதல் இரண்டு வாரம் அவருக்குப் பெரிய பாடு.

ஏழாவது வாரம் நோட்டைப் பிரித்துக் காட்டினார். முந்தின நாளுக்கு இரண்டு கோடுகள்.

“இரண்டாவது எதற்கு?” என்றேன்.

“அது சாப்பாட்டுக்கு முன்னால் பண்ணினது, சார். அதையும் சேர்க்கணுமா?”