ரிசர்வாயர்: அணைக்கும் எலிக்கும் ஒரே பெயர்

வேலூர்ப் பக்கம் ரிசர்வாயர் என்றால் குடியாத்தத்துக்கு மேலே உள்ள மோர்தானா அணைதான் நினைவுக்கு வரும். அதே சொல்லை நோயியலில் வயலெலிக்கும் சொல்கிறார்கள். லத்தீனில் ‘ரிசர்வாரே’ என்றால் பிறகு வேண்டுமென்று எடுத்து வைப்பது. பிரெஞ்சு வழியாக வந்து நீர்த்தேக்கத்துக்குப் பெயரானது, அப்புறம் நோய்க்கும் வந்தது.

சில வைரஸ்கள் மனிதரிடம் எப்போதோ ஒருமுறைதான் தலைகாட்டும். மற்ற நாளெல்லாம் எங்கே இருக்கும்? அந்த இடம்தான் ரிசர்வாயர். ஹான்டா வைரஸ்கள் பலவற்றுக்கு அது காட்டெலிகளும் வயலெலிகளும். எலிக்கு நோய் தெரிவதில்லை. வைரஸை நெடுநாள் உடம்பில் வைத்துக்கொண்டு சிறுநீர், புழுக்கை, எச்சில் வழியாக வெளியே விடும். அது காய்ந்து தூசியோடு பறக்கையில் நாம் மூச்சில் இழுத்துவிடுகிறோம். மல்லாட்டை மூட்டை அடுக்கிய அறையில் எலிப்புழுக்கை கிடந்தால் அப்படியே பெருக்காதீர்கள். கிருமிநாசினி தெளித்து, ஊறவிட்டு, ஈரத்தோடு துடைத்தெடுங்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘நோய் பரப்பி’ எனக்கு உடன்பாடில்லை. டெங்குவை ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்குக் கொண்டுபோகும் கொசு கடத்தி. எலியின் வேலை வேறு: அதற்குள் வைரஸ் தேங்கி நிற்கிறது. நீங்கு, நீக்கு போலத் தேங்கு, தேக்கு, அதிலிருந்து தேக்கம். வைரஸுக்கு இடம் கொடுக்கும் உயிருக்கு ஓம்புயிரி என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் ‘தேக்க ஓம்புயிரி’. ‘தேக்குயிரி’ என்று சுருக்கினால் மரம் குறுக்கே வந்துவிடும்.

சிலர் ‘நோய்த்தேக்க எலி’ என்கிறார்கள். அது போதாது என்பதற்கு நம் ஊரே சாட்சி. 1964இல் வேலூரில் பிடிபட்ட ஒரு மூஞ்சூறிலிருந்து பிரித்தெடுத்த வைரஸுக்குத் தோட்டப்பாளையம் வைரஸ் என்று பெயர். கொரியாவின் ஹான்டான் ஆற்றுப் பெயர் கொண்ட வைரஸை அந்நாட்டு ஆய்வாளர் லீ ஹோ-வாங் வயலெலியில் கண்டது 1976இல்தான். தோட்டப்பாளையத்து வைரஸும் ஹான்டா வகைதான் என்பது பின்னாளில் தெளிவானது. அது மனிதருக்கு நோய் தருவதாக நிறுவப்படவில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் மூஞ்சூறு எலியே இல்லை. கொறிக்கும் இனத்திலும் சேராது, பூச்சி தின்னும் பிராணி. தேக்க ஓம்புயிரி என்றால் அதற்கும் இடம் இருக்கிறது.