ரிஸ்க் ஃபேக்டர் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

திருநெல்வேலிப் பக்கம் உடம்புக்கு முடியாதவரைப் பார்த்தால் "என்ன செய்யுது?" என்றுதான் கேட்போம். தலை சுற்றுகிறது, நெஞ்சு கரிக்கிறது என்று பதில் வரும். நன்றாக இருந்தால் "ஒண்ணும் செய்யல" என்பார்கள். எங்கள் ஆச்சி பிரஷர் மாத்திரையை நிறுத்தியபோதும் இதைத்தான் சொன்னாள். அவளைப் பரிசோதித்த இளம் மருத்துவர், "பாட்டிம்மா, பிரஷர் உங்களுக்கு ஒரு ரிஸ்க் ஃபேக்டர்" என்றார். ஆச்சிக்கு முகம் வாடிவிட்டது. என் பக்கம் திரும்பி, "ஆபரேசன் பண்ணப் போறாவளாய்யா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவள் பயந்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்களைப் போன்ற குடும்பங்களில் 'ரிஸ்க்' என்ற சொல் காதில் விழுவதே ஆபரேஷன் தியேட்டர் வாசலில்தான். "கொஞ்சம் ரிஸ்க்தான், கையெழுத்துப் போடுங்க" என்பார்கள். உயிர் இப்போதே போகலாம் என்பதுதான் அங்கே அதன் பொருள். மருத்துவர் சொன்னதோ பத்து வருடம் கழித்து ஒரு நோய் வரும் வாய்ப்பைக் கூட்டக்கூடிய ஒன்றைப் பற்றி.

ரிஸ்க் என்ற சொல் இத்தாலியிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கப்பலில் சரக்கு ஏற்றி அனுப்பும் வணிகர்கள், அது கரை சேராமல் போகக்கூடிய இழப்பைக் குறிக்க அதைப் பயன்படுத்தினார்கள். ஃபேக்டர் லத்தீன் சொல், 'செய்வது' என்று பொருள். நாம் அதற்கு வைத்திருக்கும் 'காரணி'யும் 'செய்' என்று பொருள்படும் வடமொழி வேரிலிருந்து வந்ததுதான். நெல்லையில் நோயைப் பற்றி "என்ன செய்யுது?" என்று கேட்பதும் அதே வினை என்பதைக் கவனித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

இரண்டு சொற்களும் மருத்துவத்தில் ஒட்டிக்கொண்டது அண்மையில்தான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃப்ரேமிங்ஹாம் என்று ஓர் ஊர். 1948-இல் அங்கே 30 முதல் 62 வயது வரையுள்ள 5,209 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை. யாருக்கு இதய நோய் வருகிறது, வருவதற்கு முன்னால் அவர்கள் உடம்பு எப்படி இருந்தது என்று பொறுமையாகக் குறித்துக்கொண்டே வந்தார்கள். வயதானால் பிரஷர் கூடுவது இயல்பு என்று பல மருத்துவர்களே நம்பிய காலம் அது. 1961-இல் வில்லியம் கேனல் குழுவினர் வெளியிட்ட கட்டுரையில், உயர் ரத்த அழுத்தத்தையும் ரத்தக் கொழுப்பையும் 'ரிஸ்க்கின் காரணிகள்' என்று எழுதினார்கள். அந்தத் தொடர் அப்புறம் உலகெங்கும் பரவியது.

சரி, காரணிக்கும் காரணத்துக்கும் என்ன வேறுபாடு? 2023 டிசம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். வெள்ளத்துக்குக் காரணம் மழை. வீடு சிந்துபூந்துறையில் ஆற்றையொட்டித் தாழ்வாக இருப்பது ரிஸ்க் ஃபேக்டர். அங்கே இருக்கும் வீட்டுக்குள் எல்லா வருடமும் தண்ணீர் புகுவதில்லை. மேட்டில் இருக்கும் வீடும் ஒருநாள் நனையலாம். ஆனால் நூறு வீட்டை எண்ணினால் கரையோர வீடுகளே அதிகம் நனைந்திருக்கும். "எங்க தாத்தா பீடி குடிச்சே தொண்ணூறு வயசு இருந்தாரு" என்கிறவர்களுக்கும் இதுதான் பதில். அவர் வெள்ளம் புகாத கரையோர வீடு.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'ஆபத்துக் காரணி' என்று எழுதுகிறார்கள். ஆபத்து என்றால் தலைக்கு மேல் வந்துவிட்ட ஒன்று. ஆச்சியின் அதே பயத்தைத்தான் அது கிளப்பும். 'இடர்க்காரணி' எழுத்துக்கு நல்ல சொல், நானும் எழுதுகிறேன். பழந்தமிழில் இடர் என்றால் துன்பம். வரக்கூடிய துன்பம் என்ற பொருள் இப்போது நாம் ஏற்றிவைத்தது. பேச்சில் அதைக் கேட்பவர்களுக்கோ பேரிடர்தான் நினைவுக்கு வரும். 'நோய்முதல்' என்று வள்ளுவர் சொன்ன அருமையான சொல் இருக்கிறது. ஆனால் அது நோயின் மூலத்தைக் குறிப்பது, மேலே சொன்ன மழையைப் போல.

எனக்கு நிறைவு தந்த சொல் பாளையங்கோட்டையிலேயே கிடைத்தது. 1964 முதல் அங்கே அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சித்த மருத்துவப் பாடநூல்களில் ஒவ்வொரு நோய்க்கும் 'நோய் வரும் வழி' என்று ஒரு தலைப்பு உண்டு. உணவு, பழக்கம், தொழில் எல்லாம் அதன்கீழ் வரும். மூல காரணத்தையும் அதற்குள் சேர்த்துச் சொல்வதால் முழுக்கப் பொருந்தாதுதான். ஆனாலும் வழி இருக்கிறது என்றால் வந்துவிட்டது என்று ஆகாது. வழியை அடைக்கலாம் என்ற எண்ணமும் கூடவே வருகிறது. முக்கூடல் பக்கம் மடியில் சுளவை வைத்துப் பீடி சுற்றும் பெண்களிடம், புகைக்காவிட்டாலும் அந்தப் புகையிலைத் தூளை நாள் முழுக்க மூச்சில் இழுப்பது நோய் வரும் வழி என்று சொன்னால் விளக்கமே வேண்டாம்.

நோயின் பெயர்களே நம்மைத் திசைமாற்றியும் விடுகின்றன, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 'சர்க்கரை வியாதி' என்ற பெயரைக் கேட்டு, "சீனிதானே ஆகாது, நான் கருப்பட்டிக் காப்பிதான் குடிக்கேன்" என்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். 'ரத்தக் கொதிப்பு' இன்னும் மோசம். கோபக்காரருக்குத்தான் கொதிக்கும் என்று நினைத்து, சாதுவானவர்கள் பரிசோதனைக்கே போவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 35.5 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. அத்தனை பேரும் கோபக்காரர்களா?

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இப்போது ஆச்சிக்கு வீட்டுக்கே மாத்திரை வருகிறது. கொண்டுவரும் பிள்ளையிடம் 'நோய் வரும் வழி' என்ற சொல்லைச் சொல்லியிருந்தேன். போன முறை அவள் திண்ணையில் உட்கார்ந்து, "ஆச்சி, பிரஷரு உங்கள இப்ப ஒண்ணும் செய்யல. ஆனா பக்கவாதம் வாரதுக்கு அது ஒரு வழி. அத அடைக்கத்தான் மாத்திர" என்றாள்.

ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க அம்மைக்கும் கை கால் இழுத்துட்டுல்லா. அதுவும் வழியா?" என்று கேட்டாள்.

குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று அந்த மருத்துவர் கேட்டபோது, இல்லை என்று தலையாட்டியவள் அவள். அந்தப் பிள்ளை நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்.